நிறம் பிரித்தல், வகை பிரித்தல்: சின்னக் குழந்தைகளுடன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மூன்று வயதுக் குழந்தையிடம் ஒரு சிவப்புக் கட்டையைக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் "பச்சை" என்று சொல்லும். அதே குழந்தையின் முன்னால் சிவப்பும் பச்சையுமாகக் கட்டைகளைக் கொட்டி இரண்டு கிண்ணங்களை வைத்தால், ஒன்றுகூட மாறாமல் பிரித்துப் போட்டுவிடும். பெற்றோர் பலரும் கேள்விக்கு வந்த பதிலை வைத்தே "பிள்ளைக்கு இன்னும் நிறம் தெரியவில்லை" என்று கவலைப்படுகிறார்கள். பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் கண் நிறங்களை வேறுபடுத்திப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பின்னால் மெதுவாக வருவது பெயர்தான். சில குழந்தைகளுக்கு அது இரண்டரை வயதில் வரும், சிலருக்கு நாலு வயதும் ஆகும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்ப்பது. அடுத்து, "நீலத்தை எடு" என்றால் எடுத்துத் தருவது. கடைசியாகத்தான் "இது என்ன?" என்ற கேள்வி. பெயரைக் கற்பிக்கும்போது முதலில் பெயரைச் சொல்லி, பிறகு எடுத்துத் தரச் சொல்லி, கடைசியில் பெயரைக் கேட்கும் மூன்று படி முறையை 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் எதுவார் செகேன் கையாண்டார். 1907இல் ரோம் நகரில் 'குழந்தைகள் இல்லம்' என்ற தன் முதல் பள்ளியைத் திறந்த மரியா மாண்டிசோரி அதைத் தன் வகுப்புகளுக்குள் கொண்டுவந்தார். மாண்டிசோரியின் நிறப் பலகைகளும் இப்படித்தான் படிப்படியாக ஏறும். முதல் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே ஜோடிகள். இரண்டாவதில் பதினோரு ஜோடிகள். மூன்றாவதில் ஒன்பது நிறங்கள், ஒவ்வொன்றிலும் அடர்த்தியிலிருந்து வெளிர் வரை ஏழு சாயல்கள். வீட்டில் அந்தப் பெட்டிகள் வேண்டியதில்லை, ஆனால் அந்த ஏற்றத்தின் வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மூன்று நிறத்தில் தொடங்கியவர்களே போதிய நிதானத்துடன் தொடங்கினார்கள். நாம் பலர் முதல் நாளே எட்டு நிறங்களைக் கொட்டிவிடுகிறோம்.

பொருட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்: இவற்றில் நிறத்தைத் தவிர வேறு ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா? சிவப்புக் கட்டை சதுரம், நீலக் கட்டை உருண்டை என்றால் குழந்தை வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கும். நாம் நிறம் வந்துவிட்டது என்று நினைப்போம். அளவு, வடிவம், எடை, தொட்டால் தெரியும் சொரசொரப்பு எல்லாம் ஒன்றாக இருந்து நிறம் மட்டும் மாற வேண்டும். ஒரே செட்டில் வரும் மரக்கட்டைகள், ஒரே துணியில் வெட்டிய சதுரங்கள், ஒரே அளவு பந்துகள் எல்லாம் சரிவரும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் அளவில் கண்டிப்பு தேவை. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படுத்தும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். பாட்டில் மூடி, பட்டன், மணி, விதை எல்லாமே இதில் அடங்கும். வாயில் வைக்கும் பழக்கம் இருக்கும்வரை இவற்றை எடுக்கவே வேண்டாம். வீட்டில் சட்டென்று சோதிக்க, டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் போதும். அதற்குள் நுழைந்தால் அது சின்னப் பொருள். சிறு காந்தங்களும் பட்டன் பேட்டரி போட்ட பொம்மைகளும் எந்த வயதிலும் பிரிக்கும் தட்டுக்கு வரக் கூடாது.

முதல் நாளுக்கு இரண்டு நிறம், நிறத்துக்கு மூன்று என ஆறு கட்டைகள் போதும். சிவப்பும் நீலமும் நல்ல ஜோடி, மஞ்சளும் நீலமும் நல்ல ஜோடி. சிவப்புடன் ஆரஞ்சு, நீலத்துடன் ஊதா, சிவப்புடன் பிங்க் எல்லாம் வெகு பின்னால் வர வேண்டியவை. ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். மஞ்சள் பல்பின் அடியில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும், கருநீலமும் கறுப்பும் பெரியவர்களுக்கே குழம்பும். சாயங்காலம் மட்டும் தப்பு கூடுகிறது என்றால் முதலில் விளக்கைப் பாருங்கள்.

கிண்ணங்களுக்கும் ஒரு படிநிலை உண்டு. சிவப்புக் கிண்ணத்தில் சிவப்பு போடுவது மிக எளிது, ஏனென்றால் விடை கிண்ணத்திலேயே எழுதியிருக்கிறது. அடுத்தது ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் மாதிரிக்கு ஒரு கட்டை. அதற்கடுத்தது மாதிரியே இல்லாத வெறும் கிண்ணங்கள். இங்கே எந்தக் கிண்ணம் எந்த நிறத்துக்கு என்பதைக் குழந்தையே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைக் கடைசிக் கட்டை வரை மனதில் வைத்திருக்க வேண்டும். மூன்றும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் மூளைக்கு மூன்றும் வேறு வேறு வேலைகள். நிறக் கிண்ணத்தில் பிரமாதமாகச் செய்யும் குழந்தை வெள்ளைக் கிண்ணத்தில் தடுமாறினால் அது பின்னடைவு இல்லை. அங்கேதான் பிரித்தல் என்ற வேலையே ஆரம்பிக்கிறது.

செய்து காட்டும்போது பேச்சைக் குறைக்க வேண்டும். ஒரு கட்டையை எடுங்கள். மாதிரிக் கட்டையின் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்து ஒரு நொடி நிறுத்துங்கள். நிறம் ஒத்துப்போனால் போடுங்கள், இல்லையென்றால் அடுத்த கிண்ணத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்த ஒரு நொடியைத்தான் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டும். நிறைய பேர் அதைத் தவிர்த்துவிட்டு விறுவிறுவென்று போட்டுக் காட்டுகிறார்கள். குழந்தையும் "கிண்ணத்தில் போடும் விளையாட்டு" என்று புரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் அள்ளிப் போடும். அப்படிப் போட்டால் தட்டை முழுதாக முன்னால் வைக்காமல், ஒவ்வொரு கட்டையாகக் கையில் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும் வரிசையில் ஒழுங்கு இருக்கக் கூடாது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் குழந்தை கையை இடமும் வலமுமாக மாற்றக் கற்றுக்கொள்ளும், நிறத்தைப் பார்க்காது. சிவப்பு, சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், நீலம் என்று கலைந்த வரிசையாக இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கிண்ணங்களையும் இடம் மாற்றி வையுங்கள்.

இன்னொரு தடயம் நம்மிடமே இருக்கிறது. குழந்தை ஒரு மஞ்சள் கட்டையை எடுக்கிறது. கை இரண்டு கிண்ணங்களுக்கும் நடுவில் காற்றில் நிற்கிறது. கண் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, நம் முகத்தைப் பார்க்கிறது. நம் கண் நம்மை அறியாமல் மஞ்சள் கிண்ணத்துக்குப் போகிறது. கை மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது, நம் உதடு லேசாக விரிகிறது, கட்டை விழுகிறது. "வெரி குட்!" பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரி, ஆனால் அங்கே பிரித்தது நாம். இதைத் தவிர்க்க எதிரே உட்காராமல் குழந்தையின் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ உட்காருங்கள். பார்வை தட்டில் கலந்து கிடக்கும் கட்டைகளிலேயே இருக்கட்டும். நம்மைத் திரும்பிப் பார்த்தால், கிண்ணத்தில் இருக்கும் மாதிரிகள் இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் காத்திருக்கலாம்.

தப்பாகப் போட்டால் "இல்லை, இல்லை" என்று கையைப் பிடித்து மாற்ற வேண்டியதில்லை. சுற்று முடிந்ததும் ஒவ்வொரு கிண்ணத்தையும் தரையில் கொட்டி வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று நீலத்துக்கு நடுவில் ஒரு சிவப்பு நின்றால் அது தானே கண்ணில் குத்தும், பெரும்பாலும் குழந்தையே எடுத்து மாற்றிவிடும். அப்படி மாற்றாவிட்டால் நிறங்களை இன்னும் விலகிய ஜோடியாக்குங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். பாராட்டும்போதும் வெறும் "குட்" என்பதைவிட "நீலம் எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது" என்பது பயன் தரும், எது சரியானது என்று அதில் தெரிகிறது.

கட்டைகளை ஆறிலிருந்து பன்னிரண்டாக்குவது சின்ன மாற்றம். நிறத்தை இரண்டிலிருந்து மூன்றாக்குவது பெரிய மாற்றம். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். மூன்றாவது நிறம் வரும்போது அதில் இரண்டே கட்டைகள் போதும். இரண்டு வயதுக் குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் தாராளம், நாலு வயதுக்குப் பத்து நிமிடம் போகலாம். கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. எடுத்து வைத்துவிடுங்கள்.

பெயர் எப்போது சொல்வது? கட்டை கிண்ணத்தில் விழும்போது, கேள்வியாக இல்லாமல் தகவலாக. "சிவப்புக் கட்டை" என்பதைவிட "இந்தக் கட்டை சிவப்பு" என்று பொருளை முன்னாலும் நிறத்தைப் பின்னாலும் வைத்துச் சொல்வது நல்லது. பொருள் எது என்று தெரிந்துவிட்ட பிறகு, அதைப் பற்றி என்ன சொல்கிறோம் என்று குழந்தையின் கவனம் நிறத்தின் பக்கம் திரும்புகிறது. இரண்டு வயதுக் குழந்தைகளிடம் ஆங்கிலத்தில் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்விலும், நிறப்பெயர் பின்னால் வந்தபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் அம்மா சிவப்பு என்றும் அண்ணன் ரெட் என்றும் தாத்தா நீலத்தையே ஊதா என்றும் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த விளையாட்டு நேரத்துக்கு மட்டுமாவது எல்லோரும் ஒரே பெயரை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டைகளில் நன்றாகப் போகிறது என்றதும் சிவப்பு சாக்ஸ், சிவப்பு ஸ்பூன், சிவப்புக் கார், நீல சாக்ஸ், நீல ஸ்பூன், நீலக் கார் என்று கலவையாக வையுங்கள். உடனே ஒரு சரிவு தெரியும். குழந்தை சாக்ஸைச் சாக்ஸோடும் ஸ்பூனை ஸ்பூனோடும் சேர்க்கும். பொருள் என்றாலே அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் வயது அது. நிறம் மறந்துபோய்விட்டது என்று கட்டைகளுக்குத் திரும்ப வேண்டாம். மாதிரியை மாற்றினால் போதும்: கிண்ணத்தில் ஒரு பொருளுக்குப் பதில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிவப்புப் பொருட்களை வையுங்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நிறம் மட்டுமே என்பதால் கண் அங்கே போகும். பல நிறக் கோடு போட்ட பொருட்கள் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

வகை பிரித்தல் இதைவிட ஆழமான வேலை. நிறம் பொருளின் மேலேயே இருக்கிறது. "விலங்கு" என்பது பொருளின் மேல் எங்கும் எழுதியிருக்கவில்லை, குழந்தை தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதனால் பொருள் தேர்வு இங்கே இன்னும் கவனம் கேட்கிறது. விலங்குகள், வண்டிகள் என்று இரண்டு வகை எடுக்கிறீர்கள். விலங்குகள் எல்லாம் துணிப் பொம்மை, வண்டிகள் எல்லாம் பிளாஸ்டிக் என்றால், கண்ணை மூடிக்கொண்டே பிரித்துவிடலாம், மெத்தென்றது ஒரு பக்கம், கெட்டியானது மறுபக்கம். வண்டிகள் எல்லாம் சிவப்பாக இருந்தாலும் இதே கதை. இரண்டு வகையிலும் மரப் பொம்மையும் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறமும் இரண்டு பக்கமும் வர வேண்டும். வகைக்கு நாலு வீதம் எட்டுப் பொருட்களை இப்படிச் சேர்ப்பது நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் இந்த முன்வேலையில்தான் பாதிப் பாடம் இருக்கிறது.

இதற்கும் முன்னால் ஒரு எளிய படி உண்டு. குழந்தைக்கு "விலங்கு" என்ற பெரிய சொல்லுக்கு முன்பே "நாய்", "கார்" என்ற நடுத்தரப் பெயர்கள் பிடிபடுகின்றன. எலினோர் ராஷ் என்ற உளவியலாளர் 1970களில் விளக்கிய விஷயம் இது. ஆகவே முதலில் பல விதமான நாய்கள், பல விதமான கார்கள் என்று பிரிக்கட்டும். சின்னது, பெரியது, காது தொங்குவது, காது நிமிர்ந்தது எல்லாம் ஒரே பெயருக்குள் அடங்கும் என்பது அங்கே பழகும். பிறகு நாயோடு பூனையும் மாடும் வந்து "விலங்குகள்" ஆகட்டும். நெருக்கமான வகைகளை ஒன்றாக வைக்காதீர்கள். உடையும் பாத்திரமும் எளிது, விலங்கும் பறவையும் கடினம், "சுத்தம் செய்ய உதவுபவை" போல உபயோகத்தை வைத்துப் பிரிப்பது இன்னும் கடினம்.

நாயைக் கொண்டுபோய்க் காருக்குள் உட்கார வைத்துவிட்டு "ஊருக்குப் போறாங்க" என்று குழந்தை சொன்னால் என்ன செய்வது? அது தப்பு இல்லை. சின்னக் குழந்தைகள் ஒரே இனத்தைச் சேர்ப்பதைவிடச் சேர்ந்து வருபவற்றைச் சேர்ப்பதில் ஆர்வம் காட்டுகிறார்கள். நாயோடு எலும்பு, சாவியோடு பூட்டு. அதுவும் ஒரு விதிதான், நாம் கேட்ட விதி இல்லை, அவ்வளவுதான். ஊருக்குப் போய்வரட்டும். வந்த பிறகு "இது விலங்குகள் வீடு, இது வண்டிகள் வீடு" என்று கிண்ணங்களுக்குப் பெயர் வைத்துச் சொல்லுங்கள். பெயர் விழுந்த உடனே குழந்தைகள் இனத்தைத் தேடத் தொடங்குகிறார்கள் என்று மார்க்மன், ஹட்சின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் காட்டினார்கள். முன்னால் இருக்கும் குழந்தையிடமே அதைப் பார்த்துவிடலாம். "ஒன்றாக இருப்பதை ஒன்றாகப் போடு" என்ற சொல் குழந்தைக்கு எதையும் சொல்வதில்லை. "விலங்குகள் எல்லாம் இங்கே" என்ற சொல் சொல்கிறது.

படங்களை மெதுவாகக் கொண்டு வரலாம். கையில் பிடிக்கும் பொருளுக்குப் பின் புகைப்படம், அதற்குப் பின் கோட்டோவியம். ஏழெட்டு சென்டிமீட்டர் சதுர அட்டைகள் சின்னக் கைக்கு வசதி. எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பின்னணி வேண்டும். விலங்குகள் எல்லாம் புல்வெளியிலும் வண்டிகள் எல்லாம் சாலையிலும் நின்றால் குழந்தை பச்சையையும் சாம்பலையும் பிரிக்கிறது என்று அர்த்தம்.

எங்கேயும் அடங்காத பொருளை வேண்டுமென்றே ஒன்று சேர்ப்பது நல்லது. சக்கரம் வைத்த நாய்ப் பொம்மை இதற்கு அருமையானது. மூன்றாவதாக ஒரு காலித் தட்டு வைத்து "தெரியாதது இங்கே" என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தால் குழந்தை ஊகித்துப் போடுவது குறையும். நாலு வயதுக்கு மேல் "ஏன் அங்கே வைத்தாய்?" என்று கேட்கலாம். "அதுக்கு வால் இருக்கு" என்றாலும் "அது உருளுது" என்றாலும் இரண்டும் ஏற்கக் கூடியவை. இங்கே காரணம் சொன்னதுதான் முக்கியம். ஆனால் சரியாக வைத்தபோதும் அதே கேள்வியைக் கேளுங்கள். தப்பு செய்தபோது மட்டும் கேட்டால், "ஏன்" என்ற சொல் காதில் விழுந்ததுமே குழந்தை பொருளை இடம் மாற்றிவிடும்.

விதியை மாற்றுவது தனியாகப் பேச வேண்டிய கட்டம். ஒரு கிண்ணத்தில் சிவப்பு முயல் படம், மற்றதில் நீலப் படகு படம். கையில் நீல முயல்களும் சிவப்புப் படகுகளும். முதலில் நிறப்படி பிரிக்கிறது குழந்தை, நன்றாகவே செய்கிறது. "இனி நிறம் இல்லை, முயல் எல்லாம் இங்கே, படகு எல்லாம் அங்கே" என்கிறோம். மூன்று வயதுக் குழந்தை புது விதியை வாயால் சரியாகத் திருப்பிச் சொல்லும், கை பழைய விதிப்படியே போடும். பிலிப் ஸெலாஸோ என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களில் இதே அமைப்பை வைத்து ஆராய்ந்தார்கள். மூன்று வயதில் பெரும்பாலானவர்கள் பழைய விதியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள், நாலிலிருந்து ஐந்துக்குள் பெரும்பாலானவர்கள் மாறிவிடுகிறார்கள். "இப்போதானே சொன்னேன், கேட்கவே மாட்டியா?" என்று அந்த வயதில் கடிந்துகொள்வது அநியாயம். பிள்ளை கேட்டிருக்கிறது, கையை நிறுத்தும் திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உதவ வேண்டுமென்றால் இரண்டு விதிகளுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள்: எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிண்ணங்களையும் மாற்றி, ஒரு பாட்டோ ஓட்டமோ முடித்து வந்து புதிதாகத் தொடங்குங்கள். ஒவ்வொரு அட்டையைக் கொடுக்கும்போதும் "இது முயல்" என்று புது விதிக்குரிய பெயரை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

நிறக்குருடு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு, பெண்களில் 0.5 சதவீதம்தான். மற்ற மக்களிடம் விகிதம் மாறுபட்டாலும் ஆண் குழந்தைகளிடமே அதிகம். பெயரை மாற்றிச் சொல்வதை அடையாளமாகக் கொள்ள வேண்டாம், அது எல்லாக் குழந்தையும் செய்வது. பக்கத்தில் வைத்துப் பொருத்தும்போதே சிவப்பையும் பழுப்பையும், பச்சையையும் பழுப்பையும், நீலத்தையும் ஊதாவையும், பிங்கையும் சாம்பலையும் திரும்பத் திரும்ப ஒன்றாக்குகிறதா என்று பாருங்கள். மஞ்சளும் நீலமும் எப்போதும் சரி, இவை மட்டும் எப்போதும் கலக்கின்றன என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்கள் தெரியாத குழந்தைகளுக்கு வடிவங்களை வைத்துச் சோதிக்கும் அட்டைகள் உண்டு.

தினசரி வீட்டு வேலையில் இந்தப் பயிற்சிக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒர்க் ஷீட்டில் கிடைக்காது. காய்ந்த துணிக் குவியலில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, கழுவிய ஸ்பூனையும் முள்கரண்டியையும் டிராயரின் தனித்தனித் தடுப்புகளில் போடுவது, பெரியவர் துணி, சின்னவர் துணி என்று இரண்டாக்குவது. பொம்மை எடுத்து வைக்க மூன்று அல்லது நாலு பெட்டிகள் போதும், ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதன் படம். கார், லாரி, ரயில் என்று தனித்தனிப் பெட்டி வைத்த வீடுகளில் ஒரு வாரத்தில் எல்லாம் கலந்துவிடுகிறது. "சக்கரம் வைத்தவை" என்று ஒரே பெட்டி வைத்தால் நிற்கிறது.

பிரித்து முடித்த குவியலை வைத்து எண்ணிக்கைக்குப் போகலாம். நாய்களை ஒரு வரிசையாகவும் பூனைகளை அதன் கீழே ஒன்றுக்கு நேர் ஒன்றாகவும் அடுக்கி எது அதிகம் என்று பார்க்கலாம். இடைவெளி சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீளமாகப் பரந்திருக்கும் வரிசைதான் அதிகம் என்று குழந்தை சொல்லும். ஐந்து வயதுக்கு மேல், மேலே நிறங்களும் பக்கவாட்டில் வடிவங்களும் வைத்து நாலு கட்டம் வரைந்து, சிவப்பு வட்டம் எந்தக் கட்டம், நீலச் சதுரம் எந்தக் கட்டம் என்று இரண்டு விதிகளை ஒரே நேரத்தில் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் ஐந்து நாயும் இரண்டு பூனையும் வைத்து "நாய்கள் அதிகமா, விலங்குகள் அதிகமா?" என்று கேட்காதீர்கள். "நாய்தான்" என்றே பதில் வரும். முழுமையையும் அதன் ஒரு பகுதியையும் ஒரே சமயத்தில் மனதில் நிறுத்தி ஒப்பிடுவது ஏழு வயதை ஒட்டித்தான் வருகிறது என்று குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டியிருக்கிறார். அதுவரை நாயும் பூனையும் மாடும் சேர்ந்து ஒரே வீட்டுக்குள் போகின்றன என்பது கைக்குப் பழகினால் போதும்.